ரீல் முடியட்டும்

பாங்காக்,
மார்ச் 4, புத்த ஆண்டு 2507

புவாலாவுக்கு,

நான்கு வருஷத்துக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்த்ததும் முகத்தைச் சுளிப்பாய். சுளித்துவிட்டு மேலே படி. இது வேலை விஷயம்.

நான் படம் எடுத்துவிட்டேன். என் முதல் படம். பெயர் 'ஆற்றுச் சந்தை'. எல்லோரையும் போல நானும் ஊமைப் பிலிமில்தான் எடுத்திருக்கிறேன். ஒலிக்குப் பணம் போட ஆள் கிடைக்கவில்லை. ஊருக்கு ஊர் மைக்கில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் என் ஆட்களைப் பேசவைக்க வேண்டும். யசோத்தோனில் ஹெங் முதலாளியின் தகரக் கொட்டகைக்கு ஒரு பிரதி வருகிறது. அங்கே ஆண், பெண், கிழவன், குழந்தை எல்லாக் குரலும் நீதான் என்றார் விநியோகஸ்தர். வேறு ஊருக்கு மாற்றப் பார்த்தேன், நடக்கவில்லை. ஒளிப்பானேன், சொல்லிவிடுகிறேன்.

நாம் மருந்து வண்டியில் படம் போட்டுத் திரிந்த காலத்தில் நீ அடித்த கூத்தெல்லாம் எனக்கு மறக்கவில்லை. வில்லன் செத்துக் கிடக்கிறான், நீ மைக்கில், "யாராச்சும் ஒரு பூச்சி மாத்திரை குடுங்கப்பா, எழுந்து உக்காந்துடுவான்" என்றாய். அன்றைக்கு மாத்திரை விற்றது. இது அந்த மாதிரிப் படம் இல்லை. இதில் கேலி வேண்டாம், நடுவில் நிறுத்தி வியாபாரம் வேண்டாம். லடாவன் என்ற புதுப் பெண் கதாநாயகி. அவளுக்கு உன் வாத்துக் குரலைக் கொடுத்துத் தொலைக்காதே.

ஐந்தாவது ரீலில் படகுக் காட்சி. புருஷனும் பெண்டாட்டியும் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். வாய் அசைவது தெரியாது. அதனால் எந்த வரி யாருடையது என்று வசனத்தாளைப் பார்த்துச் சொல். கடைசியில் அவள் படித்துறையில் தனியாக உட்கார்ந்திருப்பாள். அப்போது ஒரு வார்த்தையும் பேசாதே. மைக்கை மூடிவிடு. ஜனங்கள் கத்தினால் கத்தட்டும்.

வசனத்தாள் இத்துடன் இருக்கிறது. பிரதியை மெஷின்காரன் துய் கொண்டுவருவான்.

விசூத்


யசோத்தோன்,
மார்ச் 13, 2507

மாண்புமிகு இயக்குநர் விசூத் ஐயா அவர்களுக்கு,

வாயை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிற புவாலா கும்பிட்டு எழுதிக்கொள்வது. வசனத்தாள் வந்தது. காகிதம் நல்ல வழவழப்பு.

நேற்று மத்தியானம் ஒட்டுச் சோற்றுக் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் குரலாக மாற்றி மாற்றிப் படித்துப் பார்த்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். படகில் நூடுல்ஸ் விற்கிறவள், அவள் புருஷன், நாலு வயதுக் குழந்தை. சந்தை நாளில் குழந்தைக்குக் காய்ச்சல். ஐந்தாவது ரீலுக்கு வந்ததும் சோற்றுக் கூடையை மூடி வைத்துவிட்டேன்.

புருஷன் சொல்கிறான்: "குழந்தைக்கு உடம்பு கொதிக்கிறது. கரைக்குப் போய்விடலாம்." பெண்டாட்டி சொல்கிறாள்: "இருங்கள், சந்தை முடியட்டும்." குழந்தை செத்துப்போகிறது. புருஷன் வாய் பேசாத உத்தமனாக வீட்டைவிட்டுப் போகிறான்.

ஐயா, உங்களுக்கு ஞாபகம் தப்பிவிட்டதா, இல்லை, எனக்குத்தான் தப்பிவிட்டதா? அன்றைக்கு வண்டி நிறைய மருந்து. பூச்சி மாத்திரை, வயிற்றுப் பொடி, தைலம். காய்ச்சலுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. நம் மகள் மொட், மாத்திரைப் பெட்டிகளின் மேல் சுருண்டு கிடந்தாள். எறும்பு என்று அர்த்தம் வரத்தான் மொட் என்று பேர் வைத்தோம், எறும்பு அளவுக்குத்தான் இருந்தாள். நான் மைக்கை வைத்துவிட்டு எழுந்து வந்து என்ன சொன்னேன்? "ஏங்க, புள்ளைக்கு உடம்பு நெருப்பா கொதிக்குது. வண்டிய எடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்." நீங்கள் என்ன சொன்னீர்கள்? "வண்டிய எடுத்தா டைனமோ நின்னுடும், படம் நின்னுடும். இன்னும் ஒரு மாத்திரைகூட விக்கல. ரீல் முடியட்டும்."

ரீல் முடிந்தது. மாத்திரையும் விற்றது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அவள் கை என் சட்டையைப் பிடித்திருக்கவில்லை.

உங்கள் படத்தில் என்ன வேண்டுமானாலும் இருக்கட்டும். அந்த ஒரு வரியைப் புருஷன் வாயில் மாற்றி எழுதி அனுப்புங்கள். வாய்தான் தெரியவில்லையே, யாருக்கும் நஷ்டமில்லை. இந்த மாதக் கடைசியில் படம். அதற்குள் அனுப்பினால் போதும்.

புவாலா


பாங்காக்,
மார்ச் 19, 2507

புவாலா,

கதை வேறு, வாழ்க்கை வேறு. இது புரியாததால்தான் நீ இன்னும் தகரக் கொட்டகையில் இருக்கிறாய். ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன். புருஷன் அந்த வரியைச் சொன்னால் அவனை யார் மன்னிப்பார்கள்? அவன்தான் என் கதாநாயகன்.

நீ கேட்டுவிட்டதால் நானும் கேட்கிறேன். நான் "ரீல் முடியட்டும்" என்றேன். சரி. பிறகு மைக்கில் போய் உட்கார்ந்தது யார்? நான் உன்னைக் கட்டிப்போட்டேனா? குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் நடந்திருக்கலாம். அந்த ஊரில் மாட்டு வண்டி இல்லையா? நீ போகவில்லை. போய் உட்கார்ந்து, மாமியாரும் மருமகளும் சண்டை போடுகிற காட்சிக்குக் குரல் கொடுத்தாய். என் ஆயுளில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது. நீயும் சிரித்தாய். மைக்கில் கேட்டது.

என் கதையில் அந்தப் பெண் குறைந்தபட்சம் சிரிக்கவில்லை. உனக்கு நான் சலுகைதான் காட்டியிருக்கிறேன்.

எழுதியிருப்பதை எழுதியிருப்பதுபோல் சொல்.

விசூத்


யசோத்தோன்,
ஏப்ரல் 2, 2507

இயக்குநர் ஐயா,

ஆமாம், சிரித்தேன். மாமியார் குரலில் சிரித்தேன். அதை நீங்கள் எனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை, தினமும் காலையில் அதுதான் என்னை எழுப்புகிறது. ஆனால் எழுதிவிட்டீர்கள். நல்லது. எனக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் தயக்கமும் போயிற்று.

படம் போட்டோம். கொட்டகை நிரம்பி வழிந்தது. முதலில் உங்கள் லடாவனுக்கு வாத்துக் குரல்தான் கொடுத்தேன். நம் லாவோ பேச்சில், நொதித்த மீன் விற்கிறவள் மாதிரி. முதல் நாலு ரீலும் ஜனங்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவள் கண்ணைச் சுழற்றிக் கணவனைப் பார்க்கிற இடத்தில் நான், "ஏன்யா, கண்ணுல தூசி விழுந்துருச்சு, ஊதி விடுய்யா" என்றேன். பின்வரிசையில் ஒருவன் பெஞ்சிலிருந்து விழுந்தே போனான். கோபப்படாதீர்கள், அந்தப் பெண்ணின் நடிப்புக்கு அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது.

ஐந்தாவது ரீல் வந்தது. படகு, பனி, இரண்டு முதுகு. ஐயா, அந்தக் காட்சி நன்றாக இருந்தது. உங்களைத் திட்டிக்கொண்டேதான் பார்த்தேன், இருந்தாலும் நன்றாக இருந்தது. வாத்துக் குரல் தானாக நின்றுவிட்டது. காய்ச்சல் என்கிற வரியை அவளுக்குக் கொடுத்தேன், என் சொந்தக் குரலில். பதில் வரியை அவனுக்குக் கொடுத்தேன். 'சந்தை முடியட்டும்' என்றுதான் சொல்ல நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். வாய் 'ரீல் முடியட்டும்' என்று சொல்லிவிட்டது. அதுவும் உங்கள் குரலில். கரகரப்பு, அலுப்பு, எல்லாம் அப்படியே.

படகில் ஏது ரீல்? ஜனங்கள் சிரிக்கப்போகிறார்கள் என்று பயந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. தர்பூசணி விதை கொறிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. கடைசியில் நீங்கள் சொன்னபடியே மைக்கை மூடினேன். அது நல்ல யோசனை. உங்களுக்கும் எப்போதாவது நல்ல யோசனை வருகிறது. அவள் படித்துறையில் உட்கார்ந்திருந்தாள், கொட்டகையில் அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. ஹெங் முதலாளி வந்து, "என்னம்மா பண்ணித் தொலைச்ச, டிக்கெட் கிழிக்கிறவன்லேர்ந்து எல்லாரும் அழுவுறான்!" என்றார். மறுநாளும் அப்படியே சொல்லச் சொன்னார். மறுநாள் 'சந்தை' என்று திருத்திச் சொன்னேன். ஜனங்கள் கத்தினார்கள். "ஏய், நேத்து மாதிரி சொல்லு!" என்றார்கள். அன்றிலிருந்து ரீல்தான்.

புவாலா


பாங்காக்,
ஏப்ரல் 11, 2507

ஏய்,

துய் வந்து எல்லாவற்றையும் சொன்னான். நீ எழுதியதைவிட மோசமாகச் சொன்னான். லடாவன் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. வாத்து, வாத்து என்று புலம்புகிறாள்.

நீ என் மூக்கை அறுத்துவிட்டாய். இங்கே படம் நாலு காட்சிகூடத் தாங்கவில்லை. "உத்தமப் புருஷன் கதை" என்று ஒருவன் எழுதினான், கொட்டாவி வந்ததாம். சரி, நாட்டுப்புறத்திலாவது யாராவது புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். நீ அதில் மண்ணை அள்ளிப் போட்டாய். ஒரு படத்தை எடுப்பவன் ஒருவன், கடைசியில் மைக்கில் உட்கார்ந்திருக்கிற கிளி அதை இன்னொன்றாக மாற்றிவிடும் என்றால், நாங்கள் எதற்கு வெயிலில் நின்று சாக வேண்டும்?

பிரதியை உடனே துய்யிடம் கொடுத்தனுப்பு. ஹெங் தர மறுத்தால் ஆள் அனுப்புவேன்.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நான் முகத்தைக் காட்டாமல் முதுகைக் காட்டி எடுத்ததற்குக் காரணம் லடாவனுக்கு அழ வரவில்லை என்று நீ நினைப்பாய். அழ வரவில்லை, உண்மைதான். ஆனால் அவள் அழுதிருந்தாலும் நான் அப்படித்தான் எடுத்திருப்பேன். அந்த இரண்டு பேரின் முகத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை. அதில் ஒன்று என் முகம். அதை எடுத்து ஊர் சிரிக்கக் காட்டிவிட்டாய்.

விசூத்


யசோத்தோன்,
ஏப்ரல் 20, 2507

ஐயா,

சிரிக்கவில்லை, அழுதார்கள். கடிதத்தைச் சரியாகப் படியுங்கள்.

பிரதி கிடைக்காது. ஹெங் முதலாளி அதைத் தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறார். பக்கத்து ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். ஆள் அனுப்புங்கள். அவனுக்கும் ஒரு டிக்கெட் கொடுக்கிறோம்.

கிளி


பாங்காக்,
நவம்பர் 8, 2507

அன்புள்ள புவாலா,

நலமா? மழை நின்றுவிட்டதா? அங்கே ரோடு எல்லாம் சேறாகி இருக்குமே.

போன மாதம் உங்கள் கொட்டகைக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெரியவரும், ஒரு பிரெஞ்சுக்காரரும் வந்தார்களாமே. அந்தப் பெரியவர் இங்கே பெரிய விமர்சகர். அவர் பேனாவைத் திறந்தால் பட முதலாளிகள் எல்லாம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். ஏதோ திருவிழாவுக்காக வந்தவர்கள், பொழுது போகாமல் படத்துக்கு வந்திருக்கிறார்கள். திரும்பி வந்து அவர் பத்திரிகையில் எழுதியது முழுப்பக்கம். 'நம் நாட்டில் ஒரு இயக்குநரின் முதல் படம் இவ்வளவு துணிச்சலாக வந்ததில்லை' என்று ஆரம்பிக்கிறது. துணிச்சல் எது தெரியுமா? அந்த வார்த்தை. ரீல். 'படகில் இருப்பவன் திடீரென்று ரீல் என்கிறான். அந்த நொடியில் படம் தன்னைப் படம் என்று ஒப்புக்கொள்கிறது. வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருக்கும் நாம் எல்லோரும் அந்தக் குழந்தையின் சாவுக்குக் கூட்டாளி ஆகிறோம்' என்று எழுதியிருக்கிறார். முதுகைக் காட்டியதைப் பற்றி மட்டும் இரண்டு பத்தி.

என்னைக் கூப்பிட்டார். போனேன். "இந்த வார்த்தை எப்படித் தோணுச்சு?" என்று கேட்டார். நான் என்ன சொல்வேன்? எழுதும்போதே தோன்றியது என்று சொல்லிவிட்டேன்.

இப்போது வெளிநாட்டு விழாவுக்கு அனுப்ப வேண்டும் என்கிறார்கள். பெரிய பிலிமுக்கு மாற்றி, ஒலியும் பதித்துத் தர ஒரு முதலாளி முன்வந்திருக்கிறார். நீ சொன்னது அப்படியே வேண்டுமாம். வாத்து இல்லாமல். நீ பாங்காக் வரவேண்டும். ரயில் செலவு, தங்க இடம், கூலி எல்லாம் தருவார்கள். என் முதல் படம் புவாலா. இதற்கு மேல் எனக்கு ஒன்றும் இல்லை. வருவாயா?

விசூத்


யசோத்தோன்,
நவம்பர் 19, 2507

இயக்குநர் ஐயா,

உங்கள் கடிதத்தைத் துய்யிடம் படித்துக் காட்டினேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். என் நாக்கு தடுக்கியதற்கு முழுப்பக்கமா! இன்னும் நாலு இடத்தில் தடுக்கியிருந்தால் புத்தகமே போட்டிருப்பார்கள். எழுதும்போதே தோன்றியதாமே. ரீல் விடுவதில் உங்களை மிஞ்ச ஆளில்லை.

வருகிறேன். கூலி உங்கள் முதலாளி கொடுப்பதைக் கொடுக்கட்டும். எனக்கு ஒரே ஒரு நிபந்தனை. ஆண் குரல் நான் கொடுக்க மாட்டேன். அவனுக்கு நீங்கள்தான் குரல் கொடுக்க வேண்டும். நான் இந்தப் பக்க மைக்கில் நின்று, புள்ளைக்கு உடம்பு கொதிக்குது என்று சொல்வேன். நீங்கள் அந்தப் பக்க மைக்கில் நின்று பதில் சொல்ல வேண்டும். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு.

முடியுமென்றால் டிக்கெட் அனுப்புங்கள்.

புவாலா


பாங்காக்,
பிப்ரவரி 3, 2508

புவாலா,

சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டாய். உனக்காக வாங்கிய வறுத்த வாத்தைக் கடைசியில் ஒலிப்பதிவுக்காரர்தான் சாப்பிட்டார்.

உன் ஆசை தீர்ந்ததா? எத்தனை தடவை சொல்லவைத்தார்கள் என்னை. ஒவ்வொரு தடவையும் நீ முதலில் சொல்வாய், நான் பதில் சொல்வேன், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அந்த ஆள், "சார், மனசுல ஒட்டல சார், இன்னொரு தடவ" என்பார். ஐந்து வருஷத்துக்கு முன்பு வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்த வார்த்தை. நீ அசையாமல் நின்றுகொண்டிருந்தாய். உனக்குக் கண் கலங்கும் என்று எதிர்பார்த்தேன். நீ கொட்டாவி விட்டாய்.

விமர்சகர் எழுந்து வந்து என் தோளைத் தட்டி, "தப்பா நினைக்காதீங்க, யசோத்தோன்ல இந்தம்மா சொன்னதுதான் நிஜமா இருந்துச்சு" என்றார். நீ ஒரே தடவையில் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாய். என் வாயிலிருந்து வந்ததை அழித்துவிட்டு, நீ என்னைப்போல் சொன்னதையே படத்தில் வைத்துவிட்டார்கள்.

தலைப்பு அட்டையில் ஆண் குரல் விசூத் என்று வருகிறது. அதை மாற்றினால் வெளிநாட்டுக்காரர்களுக்குக் குழப்பம் என்றார்கள். பெண் குரலுக்கு லடாவன் பெயர். அவள் பிடிவாதம் பிடித்தாள், வாத்து விவகாரத்தை இன்னும் மறக்கவில்லை. உன் பெயருக்கு அட்டையில் இடம் இல்லை. நீ பெயருக்கு அலைகிறவள் இல்லை என்று எனக்குத் தெரியும்.

விசூத்


யசோத்தோன்,
அக்டோபர் 27, 2509

ஐயா,

நான் செத்துப்போன செய்தியைப் பத்திரிகையில் படித்தேன். மீன் மடித்துக் கொடுத்த தாளில் வந்திருந்தது.

உங்கள் படத்துக்கு வெளிநாட்டில் பரிசு கிடைத்தது சந்தோஷம். பேட்டியும் நல்ல பேட்டி. "அது கதையில்லை, என் சொந்த மகள். அந்த வரியைச் சொன்னவன் நான்தான். என் முதல் படம் என் பாவமன்னிப்பு" என்று சொல்லியிருக்கிறீர்கள். கூடப் போட்டிருக்கிற போட்டோவில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறீர்கள். உங்களை எத்தனை பேர் மன்னித்திருப்பார்கள்! கதாநாயகனை யாரும் மன்னிக்க மாட்டார்கள் என்று பயந்தீர்களே, பார்த்தீர்களா, காசு கொடுத்து வந்து மன்னிக்கிறார்கள்.

அதற்கு அடுத்த வரி: "குழந்தையின் தாய் அந்தத் துக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள்."

முடி வெட்டிக்கொள்வது மாதிரி என்னை வெட்டிவிட்டீர்கள். உயிரோடு இருந்தால் யாராவது வந்து என்னைக் கேட்பார்கள், நடந்ததை நான் சொல்வேன், இந்தக் கிளி என்ன உளறுமோ என்று பயம். நான் மீன் கடையில் நின்றபடியே என் கருமாதியைப் படித்தேன். கடைக்காரி, "என்னக்கா, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றாள். "பேயே நான்தான்டி" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, மீனில் இரண்டு கூடப் போட்டாள்.

இன்னொரு செய்தி. ஒலி போட்ட பிரதி இங்கே வந்துவிட்டது. இனி எல்லாப் படமும் அப்படித்தான் வருமாம். ஹெங் முதலாளி மைக்கைக் கழற்றித் தன் மகள் கல்யாணத்தில் பாட்டுப் போட எடுத்துக்கொண்டு போய்விட்டார். முதல் நாள் நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். என் குரல் திரையிலிருந்து வந்தது. என் வாய் சும்மா இருந்தது. கொட்டகையில் எனக்குக் கொடுத்திருக்கிற புது வேலை கக்கூஸ் கழுவுவது.

இறந்துபோன
புவாலா


பாங்காக்,
மார்ச் 6, 2510

புவாலா,

பேட்டிக்காரன் தானாகச் சேர்த்துக்கொண்டான் என்று சொல்லலாம் என்று பார்த்தேன். நீ நம்ப மாட்டாய். நான்தான் சொன்னேன். "தாய் எங்கே?" என்று கேட்டான், வாயில் வந்துவிட்டது. உனக்கு ஒரு வார்த்தை தடுக்கியது போல எனக்கும் ஒன்று தடுக்கியது என்று வைத்துக்கொள்.

என் இரண்டாவது படம் வெளியானது உனக்குத் தெரிந்திருக்காது. யாருக்கும் தெரியாது. மூன்றாவதுக்குப் பணம் போட ஆளில்லை. எங்கே போனாலும் முதல் படத்தைப் பற்றியே கேட்கிறார்கள். மேடையில் ஏற்றி அந்த வரியைச் சொல்லச் சொல்கிறார்கள். சொல்கிறேன். ஒருவன் போன வாரம், "படத்துல இருக்கற மாதிரி இல்லியே சார்" என்றான். லடாவனும் என்னைவிட்டுப் போய்விட்டாள்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இது கலை இல்லை, வேலையும் இல்லை. நம் மகளைத் தகனம் செய்த மறுநாளே நான் பாங்காக்குக்கு ரயில் ஏறிவிட்டேன். எலும்பு பொறுக்கியது நீ. எந்தக் கோயிலில் வைத்தாய் என்று நான் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன். புது வருஷத்துக்கு முன்னால் வந்து அவளுக்கு வாசனைத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு தடவையாவது. தூக்கத்தில் மாத்திரைப் பெட்டிகள்தான் வருகின்றன. அதன்மேல் அவள் இல்லை. எங்கே எங்கே என்று தேடுகிறேன். கோயிலின் பேரை மட்டும் எழுது. உன் கண்ணில்கூடப் படாமல் வந்துவிட்டுப் போய்விடுகிறேன்.

பத்திரிகையிலிருந்து ஒரு போட்டோக்காரர் மட்டும் கூட வருவார். அவர் ஓரமாக நிற்பார். உனக்குத் தொந்தரவு இருக்காது.

கெஞ்சிக் கேட்கிறேன்.

விசூத்


யசோத்தோன்,
மார்ச் 17, 2510

விசூத்,

உன் கடிதம் வந்தது. பாதி வரை படித்தபோது எனக்கு மனசு இளகியது. மாத்திரைப் பெட்டி என் தூக்கத்திலும் வருகிறது. பேனாவை எடுத்துக் கோயிலின் பேரில் முதல் எழுத்தை எழுதிவிட்டேன். அதன் பிறகுதான் உன் கடிதத்தில் போட்டோக்காரர் வந்தார். அந்த எழுத்தை அடித்துவிட்டு வேறு தாள் எடுத்து இதை எழுதுகிறேன்.

நீ எடுத்த படம் இந்த ஊரில் இன்னும் ஓடுகிறது, கொட்டகைக்கு வெளியில். உனக்கு அது தெரியவேண்டும். போன வாரம் சைக்கிள் ரிக்சாக்காரனிடம், "கொஞ்சம் சீக்கிரம் போப்பா, வெயில் கொளுத்துது" என்றேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல், உன் கரகரப்பில், உன் அலுப்பில், அந்த வரியைச் சொன்னான். சொல்லிவிட்டுச் சிரித்தான். பப்பாளிக்காய் இடிக்கிறவளிடம், "எவ்ளோ நேரம்டி?" என்றால் அதையே சொல்கிறாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைத் தாய் சாப்பிடக் கூப்பிட்டால் தெருவிலிருந்து கோரஸாகக் கத்துகிறார்கள். கடன் கேட்டால் அதுதான், கக்கூஸ் கதவைத் தட்டினால் உள்ளே இருந்து அதுதான். முதலில் நான் ஒவ்வொரு தடவையும் செத்தேன். ஒருவனைச் செருப்பால் அடித்தேன். அவனுக்கு ஏன் அடித்தேன் என்றே தெரியவில்லை, "அக்கா, சினிமா வசனம்க்கா" என்று அழுதான். அது எங்கிருந்து வந்தது என்று இங்கே ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. குழந்தையையும் மறந்துவிட்டார்கள், படகையும் மறந்துவிட்டார்கள். சிரிப்பு மட்டும் மிஞ்சிவிட்டது. அன்றைக்கு மைக்கில் நான் ஆரம்பித்த சிரிப்பு, சுற்றிக்கொண்டு இங்கேயே வந்துவிட்டது. உன்னைத் திட்டுகிற அளவுக்கு என்னையும் திட்டிக்கொள்கிறேன், அதில் உனக்குச் சமாதானம் வேண்டாம்.

மொட் எங்கே இருக்கிறாள் என்று நான் எழுத மாட்டேன். வருஷா வருஷம் தண்ணீர் ஊற்றுகிறேன். அவளுக்கு ஒரு குறையும் இல்லை. என் பேரையும் அதே மாடத்தில் எழுதிவைக்கச் சொல்லிவிட்டேன், நீதான் என்னை முன்னாலேயே அனுப்பிவிட்டாயே.

வேண்டுமென்றால் நீயே வந்து தேடு. பஸ்ஸை விட்டு இறங்கி, போட்டோக்காரரையும் கூட்டிக்கொண்டு, யாரிடம் வேண்டுமானாலும் கேள். "கொஞ்சம் நில்லுங்க, ஒரு குழந்தையைத் தேடி வந்திருக்கேன், அவசரம்" என்று கேள். ரிக்சாக்காரனைக் கேள், மீன்காரியைக் கேள், தெருவில் விளையாடுகிற பிள்ளைகளைக் கேள். இந்த ஊரில் எல்லோருக்கும் பதில் மனப்பாடம்.

புவாலா